விடைபெறும் வேளையில் வந்த பிழை

எங்கள் ஊர்களிலே வீட்டுக்கு வந்தவர் ஒருவர் விடைபெற்றுச் செல்வதென்பது எளிதான காரியமன்று. "சரி, அப்ப நாங்கள் வெளிக்கிடுவம்" என்று அவர் விறாந்தையிலிருந்து எழுந்தாரானால், அதன் பின்னரும் அரைமணி நேரம் முற்றத்திலே கழியும். முற்றத்தைக் கடந்து படலையடிக்கு வந்தால் அங்கே இன்னொரு கால்மணி நேரம். "போட்டு வாறன்" என்று அவர் சொல்லவேண்டும். "ஓம், போட்டு வாருங்கோ" என்று வீட்டார் சொல்லவேண்டும். இவ்விரு சொற்களும் பரிமாறப்படாமல் ஒருவர் எழுந்து போய்விட்டாரென்றால் வீட்டிலே பெரிய விசாரணையே நடக்கும். யார் என்ன சொன்னது? எதிலே குறை வைத்தோம்? இரவுச் சாப்பாடு வரையில் அதுவே பேச்சாக இருக்கும்.

கணினிகள் ஒன்றோடொன்று பேசும் முறையை மாணாக்கர்க்குக் கற்பிக்கும்போது இந்தப் படலையடிப் பேச்சையே நான் உதாரணமாகக் காட்டுவது வழக்கம். இரு கணினிகள் தம்முள் ஓர் இணைப்பை ஏற்படுத்திக்கொள்ள மூன்று செய்திகள் போதும். ‘பேசலாமா?’ என்பது ஒன்று. ‘பேசலாம், நீ ஆயத்தமா?’ என்பது மற்றொன்று. ‘ஆயத்தம்’ என்பது மூன்றாவது. அவ்விணைப்பை முறையாக மூடுவதற்கோ பொதுவாக நான்கு செய்திகள் வேண்டும். ‘நான் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தேன்’ என்று ஒரு பக்கம் கூறும். ‘அறிந்தேன்’ என்று மறுபக்கம் கூறும். பின்னர் மறுபக்கமும் தன் பேச்சை முடித்து அவ்வாறே கூற, முதற்பக்கம் ‘அறிந்தேன்’ என்னும். அதன் பின்னரும் முதலில் விடைபெற்ற கணினி உடனே போய்விடுவதில்லை; படலையடியிலே சிறிது நேரம் நிற்கும். இதனைச் சொன்னதும் வகுப்பிலே சிரிப்பெழும். நானும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுவேன்.

பல்லாண்டுகளாக இப்படிக் கற்பித்துவந்த நானே, இணைப்பை மூடும் வேளையில் தோன்றிய ஒரு பிழையைத் துச்சமாக எண்ணினேன். அதனால் ஒரு பிள்ளை மூன்று நாள் துன்புற நேர்ந்தது. அந்தக் கதையையே இங்கு எழுத முனைந்தேன். கணினியில் நாட்டமில்லாத வாசகர்கள் தாளைப் புரட்டிவிட வேண்டா. இதிலே கணினி பாதி, மனிதர் பாதி.

எங்கள் கல்லூரியிலே தவணைப் பரீட்சைப் புள்ளிகளை முன்னர் பெரிய பதிவேடுகளில் எழுதி, அவற்றைப் பார்த்துத் தேர்ச்சி அறிக்கைகளைக் கையால் நிரப்பிவந்தோம். ஒவ்வொரு தவணை முடிவிலும் வகுப்பாசிரியர்கள் நள்ளிரவு வரையில் கண்விழிக்க வேண்டியிருந்தது. இதனைக் கண்ட உயர்தர வகுப்பு மாணவனொருவன், தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயில்பவன், பைதன் மொழியிலே ஒரு செய்நிரல் எழுதினான். ஆய்வுகூடத்துக் கணினியின் முன்னே ஆசிரியர் அமர்ந்து மாணவனின் சுட்டெண்ணையும் புள்ளியையும் தட்டி விசையை அழுத்தினால், அந்த ஒரு வரி கம்பிவழியே அலுவலகக் கணினிக்குச் செல்லும். அங்குள்ள செய்நிரல் அதனைப் பதிந்துகொண்டு ‘பெற்றேன்’ என்று ஒரு சொல்லைத் திருப்பியனுப்பும். வகுப்பு முழுவதும் தட்டி முடித்த பின் ஆசிரியர் ‘நிறைவு’ என்பதை அழுத்த, இணைப்பு மூடப்படும். அலுவலகத்துச் செய்நிரலே பின்னர் அறிக்கைகளை அச்சிட்டும் கொடுக்கும்.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை இத்தனையையும் தானே செய்தானே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதிபரிடத்தும் சொல்லிப் பெருமைப்பட்டேன். அவனுக்குக் கற்பித்தவன் நானென்பதையும் இடையே சேர்த்துக்கொண்டேன்.

ஒரேயொரு குறையிருந்தது. இணைப்பு மூடப்படும் ஒவ்வொரு முறையும் அலுவலகத் திரையிலே சிவப்பெழுத்தில் ஒரு வரி தோன்றும். எதிர்முனையிலுள்ளவர் இணைப்பை முறித்துவிட்டார் என்பது அதன் பொருள். எங்கள் இலிகிதர் பழைய காலத்து மனிதர். சிவப்பெழுத்தைக் கண்டால் அவருக்குக் கை ஓடாது. பரீட்சைக் காலத்திலே நாளொன்றுக்கு ஐந்தாறு தடவை எனக்கு ஆளனுப்புவார். நானும் மாணவனும் ஓடிப்போய்ப் பார்ப்போம். புள்ளிகளெல்லாம் ஒன்றும் குறையாமற் பதிவாகியிருக்கும்.

"சேர், புள்ளியெல்லாம் வந்திட்டுது. கடைசியாய் மூடேக்கைதான் இது வருது. ஏனெண்டு ஒருக்காப் பாக்கட்டோ?" என்று ஒருநாள் அவன் கேட்டான்.

"வேலை முடிஞ்ச பிறகு வாற பிழைதானே தம்பி. அதைத் திரையிலை காட்டாமல் விடு" என்றேன்.

அவன் ஒரு கணம் தயங்கினான் என்பது இப்பொழுது என் நினைவுக்கு வருகின்றது. அன்று அதனை நான் கவனிக்கவில்லை. ஆசிரியர் சொன்னால் மறுத்துரையாத பிள்ளை அவன். இரண்டே வரிகளை எழுதினான். பிழை நேர்ந்தால் பிடித்துக்கொள் என்பது ஒரு வரி. பிடித்ததைக் கண்டுகொள்ளாது அப்பாற் செல் என்பது மற்றையது. பைதன் மொழியிலே இந்த இரண்டாவது வரிக்கு ‘பாஸ்’ என்ற ஒரே சொல் போதும். சிவப்பு வரி மறைந்தது. இலிகிதர் மகிழ்ந்தார். இரண்டு தவணைகள் இன்னலின்றிக் கழிந்தன.

மூன்றாந் தவணை முடிந்து விடுமுறை தொடங்கிய மூன்றாம் நாள், ஆய்வுகூடத்தைத் துப்புரவு செய்விப்பதற்காக நான் கல்லூரிக்குச் சென்றிருந்தேன். ஒரு தந்தையும் மகனும் வாயிலிலே வந்து நின்றனர். தந்தை மேசன் வேலை செய்பவர். அன்றைக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். மகன் பத்தாந் தரத்திற் படிப்பவன். அவர் கையிலே தேர்ச்சி அறிக்கை இருந்தது. கணிதத்துக்கு நேரே ‘சமூகமளிக்கவில்லை’ என்று அச்சிடப்பட்டிருந்தது. பையன் கையிலே கணித விடைத்தாள் இருந்தது. அதன் மேல் மூலையிலே கணித ஆசிரியரின் கையெழுத்தில் 78 என்று இருந்தது.

சோதனைக்குப் போகாமல் எங்கே திரிந்தாய் என்று தந்தை கேட்டிருக்கிறார். போனேன் என்று சொல்லிப் பையன் விடைத்தாளை எடுத்துக் காட்டியிருக்கிறான். அதுவே வினையாகிவிட்டது. புள்ளியை இவனே எழுதிக்கொண்டு வந்து ஏமாற்றுகிறான் என்று தந்தை எண்ணிவிட்டார். சோதனைக்குப் போகாத குற்றத்தோடு பொய்க் கையெழுத்துக் குற்றமும் சேர்ந்துகொண்டது. இரண்டு நாளாகப் பையனோடு அவர் பேசவில்லை. பையன் சரியாக உண்ணவுமில்லை. தாயார் அழுது வற்புறுத்தியதன் மேலேயே கல்லூரிக்கு வந்தாராம்.

"மிசின் அடிச்ச பேப்பர், மாஸ்ரர். அது ஏன் பொய் சொல்லப்போகுது எண்டுதான் நான் நினைச்சன்" என்றார் அவர். பையன் நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

விடைத்தாளிலுள்ள கையெழுத்து கணித ஆசிரியருடையதே என்றும், பிழை கல்லூரியினுடையது என்றும், இரண்டு நாளில் திருத்திய அறிக்கையோடு நானே வீட்டுக்கு வருவேன் என்றும் சொல்லி அனுப்பினேன். அவர்கள் போன பின் பதிவைத் திறந்து பார்த்தேன். அந்த வகுப்பில் 41 பேர். கணிதத்துக்கு 34 வரிகளே இருந்தன. 35 ஆம் பெயர் தொடக்கம் 41 ஆம் பெயர் வரை ஒன்றுமில்லை. கணித ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன். 41 பேருக்கும் தட்டியதாகவும், ‘நிறைவு’ என்பதை அழுத்தியதும் ஒழுங்காக மூடியதாகவும் அவர் உறுதியாகக் கூறினார். வேறு இரு பெற்றோர் வகுப்பாசிரியரிடம் முறையிட்டிருந்தனராம். பாட ஆசிரியர் புள்ளி கொடுக்கவில்லைப் போலும், விடுமுறை முடியட்டும் என்று அவர் விட்டிருந்தார்.

மாணவனை அழைத்தேன். பின்னேரம் நான்கு மணிக்குச் சைக்கிளில் வந்து சேர்ந்தான். நடந்ததைச் சொன்னபோது அவன் முகம் வாடிவிட்டது. முதல் வேலையாக, மறைத்த அந்தச் சிவப்பு வரியை மறுபடியும் தோன்றச் செய்தோம். கணித ஆசிரியர் புள்ளி தட்டிக்கொண்டிருந்த நேரத்திலே தாம் எட்டாந் தரத்து அறிக்கைகளை அச்சிட்டதாக இலிகிதர் நினைவுகூர்ந்தார். அது போதுமாயிருந்தது.

வாசகர் இதனை இப்படி எண்ணிக்கொள்ளலாம். கம்பிவழியே வரும் வரிகள் நேரே செய்நிரலின் கைக்கு வருவதில்லை. முதலிலே கணினியின் வாயிலில் உள்ள ஒரு பெட்டியில் வந்து விழும். செய்நிரல் தனக்கு ஓய்வுள்ளபோது அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பதியும். எங்கள் அலுவலகச் செய்நிரல் ஒரு நேரத்தில் ஒரு வேலையே செய்யவல்லது. அச்சிடும்போது பெட்டியைத் திறந்து பாராது. அன்று அது அச்சு வேலையில் மூழ்கியிருந்த வேளையிலே கடைசி ஏழு வரிகளும் பெட்டிக்குள் வந்து காத்துக்கிடந்தன. ஆய்வுகூடத்துப் பக்கத்திலும் அதுபோன்ற பெட்டி உண்டு. அதிலே அலுவலகம் திருப்பியனுப்பிய ‘பெற்றேன்’ என்னும் பற்றுச்சீட்டுகள் 34 கிடந்தன. அவற்றை எவரும் எடுக்கவில்லை. பற்றுச்சீட்டு அனுப்பும் பகுதியை எழுதிய மாணவன், அதனை வாசிக்கும் பகுதியைப் பின்னர் எழுதலாம் என்று விட்டு மறந்துபோனான்.

வாசிக்கப்படாத செய்தி பெட்டியிற் கிடக்கும்போது இணைப்பை மூடினால் என்ன நிகழும்? இணையத்திலுள்ள கணினிகளுக்கு விதிவகுத்து 1989 ஒக்ரோபரில் வெளியான ஆவணம் விடை கூறுகின்றது. அவ்வாறு மூடும் கணினி ‘ரீசெற்’ எனப்படும் முறிப்புச் செய்தியை அனுப்பவேண்டும்; ஏதோவொன்று வாசிக்கப்படாமலே போயிற்று என்று மறுபக்கத்துக்கு உணர்த்துவதற்காகவே அந்த ஏற்பாடு. ஆகவே எங்கள் இலிகிதரைக் கலங்கவைத்த சிவப்பு வரி, எங்கள் செய்நிரலின் உண்மையான குறையொன்றையே நாளுக்கு ஐந்தாறு தடவை சுட்டிக்காட்டியிருக்கின்றது. நீ கொடுத்த பற்றுச்சீட்டுகளை அங்கே ஒருவரும் பார்க்கவில்லை என்று அது அலுவலகக் கணினியிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. இலிகிதர் கலங்கியதிலே நியாயமிருந்தது. நான்தான் அவரைத் தேற்றிவிட்டேன்.

இனி, முறிப்புச் செய்தியைப் பெற்ற கணினி என்ன செய்யவேண்டும்? ரி.சி.பி. என வழங்கும் நெறிமுறையை விளக்கி 1981 செப்ரெம்பரில் ஜோன் பொஸ்ரல் பதிப்பித்த ஆவணம், காத்துநிற்கும் வரிசைகளை வெறுமையாக்கிவிடச் சொல்கின்றது. அந்த ஏழு பிள்ளைகளின் புள்ளிகளும் வழியில் எங்கும் தொலையவில்லை. அலுவலகத்தின் வாயில்வரை பத்திரமாக வந்து, வாயிலில் வைத்தே கொட்டப்பட்டன. அச்சு வேலையை முடித்துத் திரும்பிய செய்நிரலின் கைக்குக் கிடைத்தது பிழைச்செய்தி ஒன்றே. அதனை என் சொற்படி கண்டுகொள்ளாது விட்டு, வந்த 34 வரிகளையே முழுப்பட்டியலாகக் கருதி, எஞ்சிய எழுவருக்கும் ‘சமூகமளிக்கவில்லை’ என்று எழுதிவிட்டது. ஆய்வுகூடத்துப் பக்கத்திலோ பிழையொன்றும் தோன்றவில்லை. மூடு என்றோம், மூடினேன் என்றது.

ஊகத்தோடு விட்டுவிட எனக்கு மனமில்லை. பத்துப் பொய்ப்பெயர்களை எடுத்துக்கொண்டோம். ஆறு பெயர்களைத் தட்டிய பின் அலுவலகத்திலே அச்சு வேலையைத் தொடக்கிவிட்டு, மிகுதி நான்கையும் தட்டி மூடினோம். ஆறே பதிவாயின. மீண்டும் செய்தோம், மீண்டும் ஆறு. இரவு ஏழு மணியாகிவிட்டது. மாணவன் ஒன்றும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒருக்காப் பாக்கட்டோ எண்டு நீ கேட்டனி. நான்தான் தடுத்தனான்" என்றேன். அதனை அவனிடம் சொல்வது எனக்கு அத்தனை எளிதாக இருக்கவில்லை.

அன்றிரவு உறக்கம் வராமையால் இந்த மூடுதலைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தேன். வின்ரன் சேர்ஃப், றொபேட் கான் என்னும் இருவரும் 1974 மே மாதத்தில் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பிறந்தது இந்நெறிமுறை. 2022 ஓகஸ்ரில் திருத்தங்களையெல்லாம் ஒன்றுசேர்த்துப் புதிய ஆவணமாகவும் அது வெளிவந்தது. இத்தனை பேர் இத்தனை காலம் சிந்தித்தும் விடைபெறும் வேளையில் ஏன் இவ்வளவு இடர்ப்பாடு?

அதற்கொரு பழைய புதிர் உண்டு. 1975 இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் அது முதலில் எழுந்தது. 1978 இல் ஜிம் கிறே என்னும் அமெரிக்க அறிஞர் அதற்கு இரு தளபதிகளின் பெயரைச் சூட்டினார். இரண்டு குன்றுகளில் இரண்டு படைகள். இடையிலுள்ள பள்ளத்தாக்கிலே பகைவர். இரு படையும் ஒரே நேரத்தில் தாக்கினால் வெற்றி. ஒன்று மட்டும் தாக்கினால் அழிவு. ‘விடியற்காலையில் தாக்குவோம்’ என்று முதலாம் தளபதி தூதனை அனுப்புகிறார். தூதன் வழியிலே பிடிபடவுங்கூடும். ஆகையால் ‘அறிந்தேன்’ என்ற மறுமொழி வரும்வரை அவர் துணியமாட்டார். மறுமொழி அனுப்பிய இரண்டாம் தளபதிக்கோ தம் தூதன் போய்ச் சேர்ந்தானா என்ற ஐயம். அதற்கும் ஒரு மறுமொழி வேண்டும். இப்படியே எத்தனை தூதரை அனுப்பினாலும், கடைசியாக அனுப்பியவருக்கு ஐயம் தீராது. இதற்குத் தீர்வே கிடையாதென நிறுவியும் காட்டியுள்ளனர்.

ரி.சி.பி. இதற்குச் செய்திருக்கும் சமாதானம் மிகவும் மனிதத்தன்மை வாய்ந்தது. கடைசி ‘அறிந்தேன்’ போய்ச் சேர்ந்ததோ என்று தெரியாவிட்டாலும், குறித்த காலம்வரை படலையடியில் நின்றுபார். மறுபக்கம் மீண்டும் அழைத்தால் மறுமொழி சொல். அழைக்காவிட்டால் போய்விடு என்கிறது. ஒரு பொதி வலையமைப்பிலே உலவக்கூடிய காலம் இரண்டு நிமிடம் என்று கொண்டு, அதன் இருமடங்காகிய நான்கு நிமிடம் நிற்கச் சொல்கின்றது 1981 ஆவணம். லினக்ஸ் முறைமையிலே ஒரு நிமிடம்தான் நிற்கும். இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை குறைவு என்பது அங்கும் உண்மை போலும்.

ஜிம் கிறேயைப் பற்றி இங்கே ஒரு செய்தி சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1998 ஆம் ஆண்டுக்கான ரியூறிங் விருது பெற்ற அப்பெரியார், 2007 ஜனவரி 28 ஆம் திகதி, தம் தாயாரின் அஸ்தியைக் கடலிற் கரைப்பதற்காகச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பாய்மரப் படகொன்றிலே தனியே சென்றார். திரும்பவில்லை. கரையோரக் காவற் படையினர் தேடினர். செய்மதிப் படங்களை ஆயிரக்கணக்கான தொண்டர்கள் துருவினர். படகின் ஒரு துண்டேனும் அகப்படவில்லை. போய்ச் சேர்ந்தேன் என்றோ திரும்புகிறேன் என்றோ ஒரு சொல் அவரிடமிருந்து பின்னர் வரவேயில்லை. இதனை நான் வகுப்பிலே சொல்லும்போது எவரும் சிரிப்பதில்லை.

மறுநாட் காலையிலே மாணவன் இரவோடிரவாகத் திருத்திய செய்நிரலோடு வந்தான். பாவம், மிதமிஞ்சித் திருத்திவிட்டான். மூடும்போது எந்தப் பிழை வந்தாலும் செய்நிரல் கூக்குரலிட்டு நின்றுவிடும். போதாததற்கு, மூடு என்ற கட்டளை பிழையென்று திரும்பினால், பிழையின்றி மூடும்வரை மீண்டும் மீண்டும் மூடு என்று ஒரு சுழற்சியும் எழுதியிருந்தான். இது மிகவும் ஆபத்தானது. கணினி ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் இலக்கம் கொடுக்கும். வைத்தியசாலையிலே வெளிநோயாளருக்குக் கொடுக்கும் இலக்கத்துண்டு போன்றது அது. லினக்ஸிலே மூடுதல் பிழையென்று திரும்பினாலும் அந்த இலக்கம் அப்பொழுதே விடுவிக்கப்பட்டுவிடும். மறுகணமே அதே இலக்கம் வேறோர் இணைப்புக்குக் கிடைக்கக்கூடும். நாம் இரண்டாம் முறை மூடுவது பிறர் ஒருவருடைய இணைப்பையாக இருக்கும். லினக்ஸின் கைந்நூலே இதனை எச்சரிக்கின்றது. மூடுதலின் விடையைப் பாராதிருந்தால் தரவுகள் சத்தமின்றித் தொலையக்கூடும் என்றும் அதே கைந்நூல் சொல்கின்றது. பார்க்கவும் வேண்டும், திரும்ப மூடவும் கூடாது. இளம்பிள்ளைக்கு இது முரணாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இருவரும் அமர்ந்து ஆற அமர யோசித்தோம். எல்லாப் பிழையையும் மறைப்பது தவறென்று கண்டோம். எல்லாவற்றுக்கும் கூக்குரலிட்டால் இலிகிதர் பழையபடி கலங்குவார். நானும் பழையபடி மறைக்கச் சொல்வேன். என்னை நான் அறிவேன். ஆராய்ந்து பார்த்தால், அதே பிழை அதே இடத்தில் வந்தாலும் அதன் பொருள் ஒன்றன்று. பேசவேண்டியதைப் பேசி, இரு பக்கமும் கணக்கை ஒப்புக்கொண்ட பின்னர் ஒருவர் படலையைப் படாரென்று சாத்திவிட்டுப் போனால் அது வெறும் மரியாதைக் குறைவு. குறித்து வைத்துக்கொண்டு விட்டுவிடலாம். கணக்கு முடியுமுன் அவ்வாறு போனாரென்றால் வீட்டிலே ஏதோ நடந்திருக்கிறது. ஆகவே பிழையின் பெயரைக் கேட்பதற்கு முன், அது வருமுன்னர் என்ன முடிந்திருந்தது என்று செய்நிரல் கேட்டறிய வேண்டியிருந்தது.

எங்கள் பழைய செய்நிரலுக்கு அதனை அறியும் வழியே இருக்கவில்லை. இணைப்பு மூடப்பட்டதையே பேச்சு முடிந்ததன் அடையாளமாக அது கொண்டிருந்தது. இப்பொழுது ஒவ்வொரு வரிக்கும் உரிய ‘பெற்றேன்’ வந்த பின்னரே ஆய்வுகூடத்துப் பக்கம் அடுத்த வரியை ஏற்கும். கடைசியிலே ‘முடிந்தது, மொத்தம் 41’ என்று ஒரு வரி செல்லும். அலுவலகம் எண்ணிப் பார்த்து, கோப்பிலே பதிந்த பின், ‘41 பெற்றேன்’ என்று கூறும். அச்சொல்லை வாசித்த பிறகே ஆய்வுகூடம் மூடும். அதன் பின்னர் வரும் முறிப்பு ஒரு குறிப்பேட்டிலே நாள், நேரத்தோடு எழுதப்படும், திரையில் தோன்றாது. அதற்கு முன் வந்தால் சிவப்பிலே தோன்றும். அந்தப் பட்டியல் முழுமையானதாகக் கொள்ளப்படாது. அதனைக்கொண்டு அறிக்கை அச்சிடவும் முடியாது. ‘சமூகமளிக்கவில்லை’ என்பதை இனி ஆசிரியர் ஒருவர் தம் கையாலே தட்டினாலன்றிச் செய்நிரல் தானாக எழுதாது. இந்தக் கடைசி ஏற்பாடு மாணவனுடைய யோசனை. எனக்குத் தோன்றியிருக்கவேண்டும், தோன்றவில்லை.

எழுவருக்கும் திருத்திய அறிக்கைகள் அன்று பிற்பகலே ஆயத்தமாயின. மேசன் தொழிலாளரின் வீட்டுக்கு நானே மோட்டார்ச் சைக்கிளிற் சென்றேன். சொன்னபடி செய்யவேண்டும் என்ற எண்ணத்தோடு, அந்தப் பையன் முன்னிலையிலே சொல்லவேண்டியதும் ஒன்று இருந்தது. எச்சரிக்கை வந்தது, அதனை மறைக்கச் சொன்னவன் நான் என்று தந்தையிடம் சொன்னேன். கணினி விவகாரம் அவருக்கு எவ்வளவு விளங்கிற்றோ தெரியாது. நெடுநேரம் அறிக்கையிலுள்ள 78 ஐப் பார்த்திருந்தார். பின்பு மகனை அழைத்து அதனை அவன் கையிலே கொடுத்தார். "கொண்டுபோய் அம்மாட்டைக் காட்டு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பையன் உள்ளே ஓடினான். சிறிது நேரத்தில் தாயார் தேநீர் கொண்டுவந்தார். நான் புறப்பட எழுந்தபோது இருட்டிவிட்டது. படலையடியிலே வீட்டு அத்திவாரம், சீமெந்து விலை என்று அரைமணி நேரம் பேசிக்கொண்டு நின்றோம்.

புதிய தவணை தொடங்கியதும் ஆசிரியர் கூட்டத்திலும் நடந்ததைச் சொன்னேன். மாணவன் பெயரை எவரும் குறைகூற இடம் வைக்கவில்லை. அதிபர் ஒன்றும் சொல்லாது குறித்துக்கொண்டார். ஓரிருவர் இனிப் பழைய பதிவேட்டுக்கே போகலாமே என்றனர். அதனைக் கணித ஆசிரியரே மறுத்துப் பேசினார். நள்ளிரவுவரை கண்விழித்ததை அவர் மறந்திருக்கவில்லை.

குறிப்பேட்டை வெள்ளிக்கிழமை தோறும் மாணவனும் நானும் திறந்து பார்க்கிறோம். இத்தவணையில் இதுவரை நான்கு முறிப்புகள் எழுதப்பட்டுள்ளன. நான்கும் எண்ணிக்கையை ஒப்புக்கொண்ட பின்னர் வந்தவை. சென்ற வியாழக்கிழமை மூன்றாம் பாடவேளையில் இலிகிதர் ஆளனுப்பாமல் தாமே வந்துவிட்டார்.

"மாஸ்ரர், சிவப்பு வந்திருக்கு. இது பாக்கவேண்டிய சிவப்போ, விடக்கூடிய சிவப்போ?"

"விடக்கூடியது எண்டால் உங்களுக்குத் தெரியவராது. வாருங்கோ பாப்பம்" என்று எழுந்தேன்.

38 பேருள்ள வகுப்பிலே 19 வரிகள் வந்திருந்தன. முடிவு வரி வரவில்லை. உயிரியல் ஆசிரியர் மணியடித்ததும், மிகுதியைப் பின்னேரம் பார்க்கலாமென்று சாளரத்தை மூடிவிட்டு வகுப்புக்குப் போயிருந்தார். இடைவேளையிலே அவரைத் தேடிப்பிடித்து அழைத்துவந்தோம். 20 ஆம் பெயரிலிருந்து தட்டத் தொடங்கினார். இலிகிதர் அலுவலகத் திரையின் முன்னே நின்று, 38 வரும்வரையில் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.